மயில் கழற்றிப் போட்ட உடை

மயில் உள்ளே போனது. அபிநயா வெளியே வரவில்லை.

நத்தக்காட்டுப்பாளையம் பெண்கள் நடுநிலைப் பள்ளியின் ஆண்டு விழாவில் அன்று மாலை நடந்தது இவ்வளவுதான். சப்-இன்ஸ்பெக்டர் அறிவுமதி தன் அறிக்கையையும் ஏறக்குறைய இப்படித்தான் தொடங்கினார். மயில் உள்ளே போன வாசலில் அப்போது நின்றுகொண்டிருந்தவர் அவரேதான்.

அவர் அன்று டியூட்டியில் வரவில்லை. சேலை கட்டிக்கொண்டு, கையில் ஒரு ஜியாமெட்ரி பாக்ஸுடன் விருந்தாளியாக வந்திருந்தார். ஒன்பதாம் வகுப்புக்குப் போகப்போகிற அபிநயாவுக்கென்று வாங்கியது அது.

போன மாதம்தான் அந்தப் பெண்ணின் நிச்சயதார்த்தத்தை அவர் நிறுத்தியிருந்தார். மாப்பிள்ளை அத்தை மகன் மாதேஷ். ஊர் ஊராகப் போய் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் லாரி ஓட்டுபவன், இருபத்தேழு வயது. அபிநயாவுக்குப் பதின்மூன்று. தலைமையாசிரியை அமுதவல்லிதான் குழந்தைகள் உதவி எண்ணுக்குத் தகவல் சொன்னார். அறிவுமதி ஜீப்பில் போய் இறங்கி, பந்தலைப் பிரிக்கச் சொல்லி, அப்பா பெரியசாமியிடமும் அம்மா செல்லியம்மாளிடமும் கையெழுத்து வாங்கினார். பெண் படிப்பாள், பதினெட்டு வயதுக்கு முன் கல்யாணம் இல்லை என்று அவர்கள் எழுதிக் கொடுத்தார்கள். அன்றைக்குக் கிளம்பும்போது அபிநயா ஜீப்பின் அருகே வந்து, "ஆண்டு விழாவுல நான் மயிலாட்டம் ஆடறேனுங்க மேடம், நீங்க வரோணும்" என்றாள். அதனால் வந்திருந்தார்.

ஆட்டையாம்பட்டியிலிருந்து திருச்செங்கோடு போகும் வழியில் உள்ளே ஒதுங்கிய ஊர் அது. விழாவுக்காகத் தறிகளை நிறுத்தியிருந்தார்கள். சத்தம் இல்லாமல் ஊர் வேறு ஊர் போல இருந்தது. ஏப்ரல் புழுக்கத்தில் மைதானம் நிறைய அம்மாக்கள் நோட்டீஸால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். முதல் வரிசையில் செல்லியம்மாளும் பெரியசாமியும். அறிவுமதியைப் பார்த்ததும் இருவரும் எழுந்து கும்பிட்டார்கள்.

மாலை ஆறு மணி சுமாருக்கு மைக்கில் ஒரு பெண் வாசித்தாள்: "அடுத்து, எட்டாம் வகுப்பு மாணவி அபிநயா மயிலாகத் தோன்றும் நடனம்."

பச்சைப் பாவாடையில் ஆறு பெண்கள் வட்டமிட, நடுவே மயில் வந்தது. நீலச் சட்டை, கையோடு சேர்த்துத் தைத்த சிறகுகள், பின்னால் விரியும் தோகை. தலையில் கொண்டை. நெற்றியிலிருந்து வாய்வரை மூடிய அட்டை அலகு. நல்ல ஆட்டம். பாட்டு முடிந்தபோது கூட்டம் எழுந்து நின்று அபிநயாவின் பெயரைச் சொல்லிக் கத்தியது.

ஆறு பெண்களும் மேடையின் முன்பக்கம் குதித்து அம்மாக்களிடம் ஓடினார்கள். மயில் மட்டும் பக்கவாட்டில் இறங்கி, ஒப்பனை அறையாக மாற்றியிருந்த ஆறாம் வகுப்பு அறைக்குள் போனது. வாசலில் நின்ற அறிவுமதி, "பிரமாதம் கண்ணு" என்றார். மயில் தலையைக் குனிந்தபடி அவரைக் கடந்தது. மூச்சு வாங்குகிறது போல என்று நினைத்துக்கொண்டார். உள்ளே சின்னப் பிள்ளைகள் உடை மாற்றிக்கொண்டிருந்ததால் அவர் வெளியிலேயே காத்திருந்தார்.

பரிசளிப்பு தொடங்கியது. "எட்டாம் வகுப்பு முதல் மாணவி, அபிநயா." யாரும் வரவில்லை. இரண்டாம் முறை அழைத்தார்கள். மூன்றாம் முறை அழைப்பதற்குள் அறிவுமதி அறைக்குள் போயிருந்தார்.

மூலையில் ஒரு பழைய சேலையைத் திரையாகக் கட்டியிருந்தார்கள். அதன் பின்னால் பெஞ்சின் மேல் சிறகு, தோகை, கொண்டை, அலகு. சட்டை இன்னும் வேர்வையில் ஈரமாக இருந்தது. ஆள் இல்லை.

அறைக்கு இரண்டு ஜன்னல்கள், இரண்டிலும் கம்பி. காங்கிரீட் கூரை. ஒரே கதவு. அந்தக் கதவில்தான் அவர் நின்றிருந்தார். நாடகத்துக்கு மீசை வரைந்த ஐந்தாம் வகுப்புக் குட்டிகள் போனார்கள், வந்தார்கள். தண்ணீர்க் குடத்தோடு இரண்டு பேர், சீருடையில் மூன்று நான்கு பேர் வெளியே வந்தார்கள். அபிநயா வரவில்லை. வந்திருந்தால் அவர் கண்ணில் படாமல் போயிருக்க முடியாது.

பிள்ளைகளை வரிசையாக நிறுத்தினார்.

"மயில் உள்ள வந்துச்சா?"

"வந்துச்சுங்க."

"எங்க போச்சு?"

"சேலைக்குப் பொறவால போச்சுங்க."

"அப்புறம் அபிநயா அக்கா எங்க போனா? யாராவது பாத்தீங்களா?"

மீசைக்காரி ஒருத்தி தலையாட்டினாள். "அபிநயாக்காவப் பாக்கவே இல்லீங்க. மயிலத்தான் பாத்தோம்."

அறிவுமதி அவள் தலையைத் தட்டிக்கொடுத்துவிட்டு அடுத்த பிள்ளையிடம் போனார். அந்தப் பதிலில் கொஞ்சம் நின்றிருந்தால் ஒரு மணி நேரம் மிஞ்சியிருக்கும். அதற்கு மேல் எதுவும் மிஞ்சியிருக்காது.

ஸ்டேஷனுக்குப் போன் போட்டார். ஏட்டு இளவழகன் எடுத்தார்.

"மாதேஷ் வீட்டுக்கு ஆள் அனுப்புங்க. ஆறே காலுக்கு மேல இந்த ஊரை விட்டுப் போன ஒவ்வொரு வண்டியையும் பாக்கணும். திருச்செங்கோடு ரோடு, ஆட்டையாம்பட்டி ரோடு ரெண்டையும் மறிங்க."

சிறிது நேரத்தில் பதில் வந்தது. மாதேஷ் வீடு பூட்டியிருக்கிறது. ரிக்கோடு ஆந்திரா போய் நான்கு நாளாகிறது என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். ரோட்டில் எந்த வண்டியிலும் பெண் இல்லை.

தலைமையாசிரியை அமுதவல்லி வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். அடுத்த வருடம் ஓய்வு பெறப்போகிறவர். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இதே பள்ளி. வீடு வீடாகப் போய்ப் பெண்பிள்ளைகளைக் கைப்பிடித்துக் கூட்டி வந்தவர் என்று ஊரில் சொல்வார்கள்.

"டீச்சர், நீங்க கடைசியா எப்ப பாத்தீங்க?"

"மேடைக்கு ஏத்திவிட்டதே நாந்தானுங்களே. அலகக்கூட என்ற கையாலதான் கட்டிவிட்டேன்."

"பயந்த மாதிரி இருந்தாளா? ஏதாவது சொன்னாளா?"

"ஒண்ணுஞ் சொல்லலீங்க."

செல்லியம்மாள் தரையில் உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். பெரியசாமி அவள் பக்கத்தில் கைகட்டி நின்றான். விழா தொடங்கியதிலிருந்து இருவரும் முதல் வரிசையை விட்டு நகரவில்லை. அதை அறிவுமதியே பார்த்திருந்தார். அவர்களுக்கு இதில் பங்கு எதுவும் இல்லை என்றுதான் அப்போது அவருக்குத் தோன்றியது.

அதற்குள் மைதானத்தில் கூச்சல் கிளம்பியது. பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் குருமூர்த்தியின் குரல்தான் முதலில் கேட்டது. ஊரில் பாதித் தறி அவருடையது.

"அந்த டிராயிங் வாத்தியானப் புடிங்கடா! ப்ராக்டிஸ் ப்ராக்டிஸ்னு புள்ளைய தெனமும் பொழுதெறங்க நிறுத்தி வெச்சவன் அவந்தான். அவனுக்குத் தெரியாம எங்க போவும்?"

பகுதி நேர ஓவிய ஆசிரியர் நவீன்குமார் சேலத்திலிருந்து வந்து போகிறவர். இருபத்தைந்து வயது இருக்கும். அறிவுமதி கூட்டத்தைப் பிளந்துகொண்டு போனபோது அவர் சட்டை கிழிந்து, உதட்டில் ரத்தம் வழிந்தது. அவரை இழுத்துக்கொண்டு தலைமையாசிரியை அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டார். வெளியே கதவை உதைத்தார்கள்.

"டான்ஸ் முடியறப்ப எங்க இருந்தீங்க?"

"மேடைக்கு அந்தப் பக்கம் மேடம். லேப்டாப்புல பாட்டு போட்டுட்டு இருந்தேன். சவுண்ட் சர்வீஸ்காரர் பக்கத்துலயே இருந்தார், கேட்டுப் பாருங்க."

"மேக்கப் போட்டது நீங்களா?"

"மத்த ஆறு பேருக்கும் நான் போட்டேன். அபிநயாவுக்கு மட்டும் எச்.எம். டீச்சரே போட்டு விடறேன்னு இந்த ரூமுக்குக் கூட்டிட்டு வந்துட்டாங்க. நாலு மணி இருக்கும்."

"அந்த அலகு நீங்க செஞ்சதுதானே?"

"செஞ்சது நாந்தான். ஆனா எனக்கு அது பிடிக்கலை மேடம். அந்தப் பொண்ணுக்கு முகத்துலதான் ஆட்டமே. நேத்துதான் டீச்சர் திடீர்னு, அலகு வெச்சாத்தான் மயில் மாதிரி இருக்கும், செஞ்சு கொண்டாங்கன்னாங்க." நவீன்குமார் உதட்டைத் துடைத்துக்கொண்டார். "அதைப் போட்டதாலயோ என்னவோ, இன்னைக்கு அவ ஆடுனது சரியா இல்லை. ஒத்திகையில ஒரு தப்புகூடப் பண்ணாதவ."

"தப்பா ஆடுனாளா? எனக்கு நல்லாத்தானே தெரிஞ்சுது?"

"பாக்கறவங்களுக்குத் தெரியாது மேடம். கை காலெல்லாம் மாத்தி மாத்திப் போட்டா."

அறிவுமதி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஒத்திகை வீடியோ வெச்சிருக்கீங்களா?"

இருந்தது. போன வாரம் எடுத்தது. மேடை ஆட்டத்தை எடுத்த பெற்றோர் ஒருவர், நடனம் முடிந்ததுமே அதைப் பள்ளியின் வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தார். நவீன்குமாரின் போனில் ஒன்றும் அறிவுமதியின் போனில் ஒன்றுமாக ஓடவிட்டு இரண்டையும் மேசைமேல் வைத்தார்கள்.

ஒத்திகையில் அபிநயா முதலில் வலது சிறகை விரித்தாள். மேடையில் மயில் இடது சிறகை விரித்தது. ஒத்திகையில் வலது முழங்காலை மடித்தாள். மேடையில் இடது. ஒத்திகையில் இடப்பக்கம் சுழன்றாள். மேடையில் வலப்பக்கம். ஆனால் தாளம் ஓர் இடத்திலும் பிசகவில்லை.

"வீடியோ எடுத்த போன்ல திரும்பி விழுந்திருக்குமா?" என்று அவரே கேட்டு, அவரே பதிலும் கண்டுபிடித்தார். மேடைப் பேனரில் எழுத்துகள் நேராகத்தான் இருந்தன. பச்சைப் பாவாடைப் பெண்கள் ஆறு பேரும் ஒத்திகையில் ஆடியபடியே ஆடினார்கள். மயில் மட்டும்தான் மாறியிருந்தது.

"பயந்து ஆடற பொண்ணு அங்கொண்ணு இங்கொண்ணு தப்பு பண்ணுவா. இவ ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் ஒரே தப்பத்தான் பண்ணியிருக்கா" என்றார் அறிவுமதி. "போலீஸ் ட்ரெய்னிங்ல டிரில் மாஸ்டர் எங்களுக்கு எதிர்ல நின்னு செஞ்சு காட்டுவார். அவர் வலது கையத் தூக்குனா புதுசா வந்தவங்க எல்லாம் இடது கையத் தூக்குவோம். எதிர்ல நின்னு பாத்து, பாத்ததை அப்படியே திருப்பிச் செஞ்சா இப்படித்தான் வரும். இந்த மயிலுக்கு யாரும் ஆடக் கத்துக் கொடுக்கலை. எதிர்ல உக்காந்து பாத்தே கத்துக்கிட்டிருக்கு."

நவீன்குமார் வீடியோவை நிறுத்தினார்.

"யாரு?"

"ஏழாங்கிளாஸ் தமிழ்ச்செல்வி" என்றார் நவீன்குமார் மெதுவாக. "ஆத்தூர்ப் பக்கத்துல இருந்து மரவள்ளிக்கிழங்கு பிடுங்க வந்த குடும்பம். வருசம் பாதியிலதான் சேர்ந்துச்சு. தினமும் எதுத்தாப்ல உக்காந்து பாத்துட்டே இருக்கும். என்னையும் சேர்த்துக்குங்க சார்னு ரெண்டு தடவை கேட்டுச்சு. ஆறு பேர் போதும்னு அனுப்பிட்டேன்."

அறிவுமதி மேடை வீடியோவை இன்னொரு முறை ஓட்டினார். இடையில் ஒருமுறை அது முதல் வரிசைப் பக்கம் திரும்பியது. அம்மாக்கள் எல்லோரும் போனை உயர்த்திப் பிடித்திருந்தார்கள். செல்லியம்மாள் மட்டும் மேடையைப் பார்க்காமல் தன் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தன் மகள் ஆடுகிறாள் என்று மைக்கில் அறிவித்த ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போது.

கதவைத் திறந்து வெளியே வந்தார். அதற்குள் ஜீப்பில் வந்து கூட்டத்தை விலக்கியிருந்த இளவழகனைக் காரணம் சொல்லாமல் கூப்பிட்டு நவீன்குமாருக்குக் காவலாக நிறுத்தினார்.

தமிழ்ச்செல்வி தண்ணீர்த் தொட்டியருகே தனியாக உட்கார்ந்து, விழாவில் கொடுத்த லட்டைத் தின்றுகொண்டிருந்தாள். சீருடை. ஒட்ட வாரிய தலை. காதுக்குப் பின்னால் கழுத்தோரம் கழுவாமல் விட்ட நீலச் சாயம்.

அறிவுமதி அவள் பக்கத்தில் தொட்டிமேல் உட்கார்ந்தார்.

"நல்லா ஆடுன."

அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்தது. "நீங்க பாத்தீங்களா மேடம்?" என்றாள். கேட்ட பிறகே சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டோம் என்று புரிந்து கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பரவாயில்லை. யாரு ஆடச் சொன்னாங்க?"

"பெரிய டீச்சர். அபிநயாக்காவுக்கு ஒடம்பு சரியில்ல, நீ ஆடுறியான்னு கேட்டாங்க. யாருக்கும் தெரியக்கூடாது, தெரிஞ்சா புரோகிராமையே நிறுத்திடுவாங்கன்னு சொன்னாங்க. உள்ள போயி யூனிபாரம் மாத்திக்கிட்டுப் பேசாம வெளிய வந்துருன்னாங்க." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "எல்லாரும் அபிநயான்னுதான் கை தட்டுனாங்க. இருந்தாலும் நல்லாத்தான் இருந்துச்சு."

அறிவுமதி எழுந்தார்.

"நான் எதாச்சும் தப்பு பண்ணிட்டேனா மேடம்?"

"நீ ஒண்ணும் பண்ணலை."

இரவு எட்டு மணிக்கு முன்பே தலைமையாசிரியை அறையில் ஐந்து பேரை உட்கார வைத்தார் அறிவுமதி. அமுதவல்லி, குருமூர்த்தி, பெரியசாமி, செல்லியம்மாள். உதட்டில் பஞ்சு வைத்த நவீன்குமார்.

"மயில் உள்ள போச்சு. யூனிஃபார்ம் போட்ட பொண்ணு ஒருத்தி வெளிய வந்தா. அவளுக்கு நானே ஒதுங்கி வழிவிட்டேன். ஏன்னா நான் தேடுனது அபிநயாவ" என்றார். "அந்த ரூமுக்குள்ள அபிநயா போகவே இல்லை. அதனாலதான் வெளிய வரலை. மேடையிலயும் அவ ஏறலை. ஆறே காலுக்கு மேல போன வண்டியை எல்லாம் நாங்க மறிச்சுக்கிட்டிருக்கோம். அவ போனது நாலு மணிக்கு."

குருமூர்த்தி ஜன்னலைப் பார்த்தார்.

"மயில் முகத்தை மூடணும்னு நேத்து சொன்னது யாரு? நாலு மணிக்கு மேல அபிநயா முகத்தைப் பாத்தவங்க யாரு? இந்த ரூமுக்குப் பின்கதவு காட்டுப்பக்கம் திறக்குது. அதுக்குச் சாவி யார்கிட்ட இருக்கு? நான் வருவேன், அவளைப் பாக்கணும்னு கேப்பேன், அதனால எல்லார் கண்ணு முன்னாலயும் ஒரு அபிநயா ஆடியாகணும். அவளைப் பெத்தவங்க முன் வரிசையில உக்காந்திருக்கணும்." அவர் திரும்பினார். "எல்லா வாசலும் ஒரே ஆள்கிட்டதான் போய் நிக்குது. ஏன் டீச்சர்?"

அமுதவல்லி மறுக்கவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

"போன மாசம் உங்களைக் கூப்பிட்டதும் நாந்தானுங்க" என்றார். "அடுத்த வாரமே இந்த மேசைக்கு முன்னால டி.சி. கேட்டு வரிசையா நின்னாங்க. உங்க பள்ளிக்கூடத்துல சேத்தா ஊட்டுக்குப் போலீசு வருது, எங்க புள்ளைக்கு நாளைக்கு நல்லது கெட்டது பண்ண முடியாதுன்னாங்க. இருக்கறதே அறுபது சொச்சம் புள்ளைங்க. பாதி போச்சுன்னா மூடிட்டுப் பக்கத்து ஊருப் பள்ளிக்கூடத்தோட சேத்துருவாங்க. பஸ் ஏத்தி அங்க எந்தப் புள்ளையையும் அனுப்ப மாட்டாங்க. நூல் மில்லுக்கு ஆள் ஏத்தற வேன் வந்து வாசல்ல நிக்கும். அஞ்சாவதோட, ஆறாவதோட ஏத்தி உட்ருவாங்க. இல்லாட்டி எல்லாத்துக்குமே அபிநயா கதிதான்."

"அதனால?"

"இவரு வந்தாருங்க." குருமூர்த்தியைக் கையால் காட்டினார். "அந்த ஒரு புள்ள விசயத்துல மட்டும் கண்ண மூடிக்குங்க, ஒரு டி.சி.கூடப் போவாது, நாம் பாத்துக்கறேன்னாரு. மூணு நாளு தூங்கலீங்க. அப்பறம் சரின்னுட்டேன்."

குருமூர்த்தி துண்டை உதறி எழுந்தார். "ஊரு நல்லதுக்குப் பேசுனதுங்க. இதுல என்ன குத்தம்?"

"உக்காருங்க." அறிவுமதியின் குரல் உயரவில்லை. "இந்த வாத்தியார் மேல ஊரை ஏவுனது எந்த நல்லதுக்கு?"

குருமூர்த்தி உட்கார்ந்தார்.

"அபிநயாகிட்ட என்ன சொல்லி அனுப்புனீங்க டீச்சர்?"

இந்தக் கேள்விக்குத்தான் அமுதவல்லியின் குரல் உடைந்தது.

"உங்கம்மாளுக்கு மயக்கம் வந்துருச்சு, உங்கத்தை அத்தாயி கார்ல வந்திருக்குது, போய்ப் பாத்துட்டு டான்ஸுக்குள்ள வந்துரு சாமின்னேன். ஒரு சந்தேகமும் படலீங்க. நான் சொன்னா அவ நம்புவா. சீக்கிரம் வந்துர்றேன் டீச்சர், என்னைய உட்டுப்போட்டு ஆரம்பிச்சுராதீங்கன்னு சொல்லிட்டு ஓடுனா."



"எங்க இருக்கா?" அறிவுமதி பெரியசாமியிடம் கேட்டார்.

அவன் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து மேசைமேல் வைத்தான். ஏதோ ஒரு கோயில் மண்டபம். ஆந்திராவுக்குப் போயிருப்பதாகச் சொன்ன மாதேஷ், மாலையோடு. அவன் பக்கத்தில் பள்ளிச் சீருடை தெரியாமல் ஒரு பட்டுச் சேலையைச் சுற்றிவிட்ட அபிநயா. கழுத்தில் மஞ்சள் கயிறு. கண் காமிராவைப் பார்க்கவில்லை.

"ஆறு மணிக்கு முந்தியே முடிஞ்சுருச்சுங்க" என்றான்.

மேடையில் பாட்டு தொடங்குவதற்கு முன்பே எல்லாம் முடிந்திருந்தது. கூட்டம் எழுந்து நின்று அவள் பெயரைச் சொல்லிக் கத்தியபோது அவள் கல்யாணமானவள்.

செல்லியம்மாள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "ரெண்டு பொட்டப் புள்ளைங்கம்மா. இவரு ரிக்குல போனா பத்து மாசத்துக்கு வாரதில்ல. நான் விடிஞ்சா தறிக்குப் போயிருவேன். ஊட்டுல தனியா இருக்கற புள்ளைக்கு நாளைக்கு ஒண்ணுன்னா ஆருங்க வாரீங்க? நாத்தனா மவன், கைவிட மாட்டானுங்க."

"அவ படிக்கணும்னு சொன்னாளேம்மா."

"சொன்னாங்க. எனக்கும் தெரியுமுங்க."

அறிவுமதி எழுந்தபோது அமுதவல்லி அவர் கையைப் பிடித்தார்.

"நீங்க கேஸு போட்டீங்கன்னா பள்ளிக்கூடம் போயிருமுங்க. போடாட்டி போறது அந்த ஒரு புள்ளதான். அது எப்பிடியும் போயிருச்சு. யோசிச்சுப் பண்ணுங்க."

அறிவுமதி யோசித்தார். கையைப் பிடித்திருந்தவர் வேறு யாராவதாக இருந்தால் உதறிவிட்டுப் போயிருப்பார். வெளியே ஷாமியானாவுக்குக் கீழே மீசை வரைந்த குட்டிகள் போட முடியாமல் போன நாடகத்தைத் தங்களுக்குள்ளேயே நடித்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர் சற்று நேரம் அவர்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கையை விடுவித்துக்கொண்டு, ஸ்டேஷனுக்குப் போன் போட்டு வழக்குப் பதியச் சொன்னார்.

மறுநாள் காலை உறவினர் ஒருவர் வீட்டில் அபிநயாவைக் கண்டுபிடித்தார்கள். சேலத்தில் ஓர் அரசு குழந்தைகள் இல்லத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். வண்டியிலிருந்து இறங்கும்போது அவள் அறிவுமதியிடம், "டீச்சர் எங்கிட்ட பொய் சொல்ல மாட்டாங்களே மேடம்" என்றாள்.

மாதேஷும் பெரியசாமியும் உள்ளே போனார்கள், ஜாமீனில் வெளியே வந்தார்கள். குருமூர்த்திக்கு முன்ஜாமீன். அமுதவல்லிக்குப் பணியிடை நீக்கம். நவீன்குமார் அந்தப் பக்கமே திரும்பவில்லை. மே மாதம் முழுவதும் பெற்றோர்கள் வந்து டி.சி. வாங்கிக்கொண்டு போனார்கள். யார் சொல்லியும் நிற்கவில்லை. ஜூனில் பள்ளிகள் திறந்தபோது நத்தக்காட்டுப்பாளையத்தில் திறக்கவில்லை. பக்கத்து ஊர்ப் பள்ளியில் அந்த ஊரிலிருந்து ஏழு பெண்கள் சேர்ந்ததாகச் சொன்னார்கள். மற்றவர்களைப் பற்றிக் கேட்க யாரும் இல்லை. தமிழ்ச்செல்வியின் சாட்சியத்தைக் கோர்ட்டுக்காக மறுபடி எழுதி வாங்கப் போனபோது கிழங்குக் காடு உழுது கிடந்தது. அந்தக் குடும்பம் எந்தக் காட்டுக்குப் போனது என்று காட்டுக்காரருக்குத் தெரியவில்லை.

ஜூன் மாத நடுவில் ஒரு நாள் அறிவுமதி விடுப்பு எடுத்துக்கொண்டு சேலத்துக்குப் போனார். அபிநயாவை அங்கேயே ஒரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்பில் சேர்க்க எல்லாம் பேசி வைத்திருந்தார். இல்லத்துப் பொறுப்பாளர் அம்மா அவரைப் பார்த்ததும் தயங்கினார்.

"உங்களுக்குத் தகவல் வரலைங்களா? போன வாரமே அவங்கம்மா வந்து கூட்டிட்டுப் போயிட்டாங்க. குழந்தைகள் நலக் கமிட்டியில மனு கொடுத்திருந்தாங்க. படிக்க வெக்கறோம், கல்யாணம் செல்லாது, பையன் ஊட்டுப் பக்கமே அனுப்ப மாட்டோம்னு எழுதிக் கொடுத்துட்டாங்க. பொண்ணையும் கேட்டோம். அம்மாகூடப் போறேன்னுடுச்சு."

அறிவுமதி அப்படியே வண்டியைத் திருப்பி நத்தக்காட்டுப்பாளையம் போனார். பெரியசாமியின் வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டுத் தறியிலிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்தாள்.

"அவிய ஊட்ல ஆருமில்லீங்க. எல்லாம் ரிக்கோட போயிட்டாங்க."

"எந்த ஊருக்கு?"

"அது ஆருங்க கண்டாங்க. சத்தீஸ்கரோ என்னமோ சொன்னாங்க. ரிக்கு எங்க ஓடுதோ அங்கதானுங்க."

"அந்தப் பொண்ணு?"

"மாதேஷு அந்த ரிக்குலதானுங்களே டிரைவரு. கூடத்தான் போச்சு. பத்துப் பேருக்கு ஆக்கிப் போட ஆளு வேணுமில்லீங்க?"

தறி மறுபடி ஓடத் தொடங்கியது. அறிவுமதி வழக்குக் கட்டிலிருந்து குறித்து வைத்திருந்த மாதேஷின் எண்ணுக்கு அடித்தார். மணி அடிக்கவில்லை. அவருக்குப் புரியாத ஒரு மொழியில் ஒரு பெண்குரல் எதையோ சொல்லி, மறுபடி அதையே சொன்னது. அது தானாக நிற்கும்வரை அவர் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.